மல்யுத்த அறையில் ஆளாகும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தம் பற்றியும், பதினெட்டு வயதில் அதற்குள் நுழையும் இளைஞர்கள் நான்கைந்து ஆண்டுகளில் எப்படிப்பட்ட ஆண்களாக வெளியே வருகிறார்கள் என்பது பற்றியும் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் மல்யுத்தமும் அமெரிக்கக் கல்லூரிகளில் நடப்பதும் ஒன்றுதானா?
— கல்லூரி மாணவர், மதுரை

ஒன்றல்ல. ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல், கிரேக்க-ரோமன் என்று இரண்டு வகைகள் உண்டு. அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடப்பது ஃபோக்ஸ்டைல் எனப்படும் மூன்றாவது வகை. கல்லூரி ஆட்டம் 7 நிமிடம். முதல் சுற்று 3 நிமிடம், அடுத்த இரண்டும் இரண்டிரண்டு நிமிடம். எதிராளியைக் கீழே சாய்த்தால் 3 புள்ளி (2023-24 பருவத்துக்கு முன்பு இது 2 புள்ளியாக இருந்தது). ஆனால் சாய்ப்பதோடு வேலை முடிவதில்லை. சாய்ந்தவரைக் கீழேயே அடக்கி வைத்திருக்க வேண்டும். அடங்கிக் கிடப்பவர் திமிறி எழுந்துவிட்டால் அவருக்கு 1 புள்ளி. புரட்டிப் போட்டு மேலேறிவிட்டால் 2 புள்ளி. யார் எவ்வளவு நேரம் மேலே இருந்தார் என்பதற்குத் தனிக் கடிகாரமே ஓடும்; அந்தக் கணக்கில் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ கூடுதலாக இருப்பவருக்கு இறுதியில் ஒரு புள்ளி சேரும். இரண்டு தோள்பட்டைகளையும் விரிப்பில் ஒரு நொடி அழுத்திப் பிடித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

125 பவுண்டு முதல் 285 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 57 கிலோ முதல் 129 கிலோ வரை, பத்து எடைப் பிரிவுகள் இருக்கின்றன. ஒரு பிரிவுக்கு அணியிலிருந்து ஒருவர்தான் களமிறங்க முடியும். களைத்துப்போனால் மாற்று ஆள் வரமாட்டார். பெற்றோரும் நண்பர்களும் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவரின் எடைக்கு அடியில் முகம் புதைந்து கிடக்கும் அந்த இளைஞர் தானாகத்தான் எழுந்து வர வேண்டும். பின்வரும் கேள்விகளைப் படிக்கும்போது இந்த நிலையைத் தாங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் விளங்கும்.

என் மகன் இங்கே கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். மல்யுத்த அணியில் இருக்கிறான். நவம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன் சோற்றைத் தொடவில்லை. எச்சிலைக்கூட ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டிருந்தான். சட்டை மேல் சட்டையாகப் போட்டுக்கொண்டு இரவில் ஓடப் போனான். கேட்டால், “உனக்குப் புரியாதும்மா, எல்லாரும் செய்றதுதான்” என்கிறான். அவன் அப்பாவோ, “ஆம்பளைப் பையன், விடு” என்கிறார். நான் பயப்படுவது தவறா?
— ஒரு தாய், நியூ ஜெர்சி

தவறே இல்லை, அம்மா. தங்கள் அச்சத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தங்கள் கணவரும் மகனும் அறிந்திருப்பது நல்லது.

1997-ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கத்துக்கும் டிசம்பர் இரண்டாவது வாரத்துக்கும் இடையில், அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியில் இறந்துபோனார்கள். வட கரோலினாவில் ஒருவர், விஸ்கான்சினில் ஒருவர், மிச்சிகனில் ஒருவர். வயது 19, 22, 21. காற்றுப் புகாத ரப்பர் உடையை உள்ளே அணிந்து, அதற்கு மேல் பருத்தி உடையைப் போட்டுக்கொண்டு, சூடான அறையில் மணிக்கணக்கில் உடற்பயிற்சி செய்து, உடலின் நீரை வியர்வையாக வெளியேற்றியிருக்கிறார்கள். வியர்வை ஆவியாக வழியில்லாமல் உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போயிற்று. நீர் வற்றி இதயம் நின்றது. அந்த மூவரும் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. அந்தக் காலத்தில் அணிதோறும் நடந்துகொண்டிருந்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். “எல்லாரும் செய்றதுதான்” என்ற சொல்லை நான் அஞ்சுவது அதனால்தான்.

அந்த மரணங்களுக்குப் பிறகு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1998 ஜனவரியிலேயே விதிகளை மாற்றத் தொடங்கியது. ரப்பர் உடை, நீராவி அறை, சிறுநீர் பெருக்கும் மாத்திரை, பேதி மருந்து எல்லாம் தடை செய்யப்பட்டன. முன்பு பல போட்டிகளில் முதல் நாளே எடை பார்த்துவிடுவார்கள். வற்றிப்போன உடலுக்கு ஒரு நாள் முழுக்க நீர் ஊற்றித் தேற்றிக்கொள்ளலாம் என்ற துணிச்சலை அது பையன்களுக்குத் தந்தது. இப்போது போட்டி தொடங்க ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் எடை பார்க்கிறார்கள். பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு வீரரின் சிறுநீர் அடர்த்தியையும் உடல் கொழுப்பையும் அளந்து, கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி அவர் இறங்கக்கூடிய குறைந்தபட்ச எடையை நிர்ணயிக்கிறார்கள். அந்த எடைக்கு இறங்குவதிலும் ஓர் அளவு உண்டு: வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. 150 பவுண்டு இருக்கும் பையன் ஒரு வாரத்தில் இரண்டேகால் பவுண்டுதான் குறைக்கலாம். அது ஏறத்தாழ ஒரு கிலோ.

ஆகவே தங்கள் மகனிடம், “ஏன் சாப்பிடவில்லை, உடம்புக்கு என்ன” என்று கேட்பதை விட்டுவிட்டு எண்களைக் கேளுங்கள். சான்றளித்த குறைந்தபட்ச எடை எவ்வளவு? சென்ற திங்களன்று எவ்வளவு இருந்தாய், இன்று எவ்வளவு? எந்தப் பிரிவில் இறங்கப் போகிறாய்? உணர்ச்சியைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் எண்ணைக் கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள். மல்யுத்தக்காரர்களுக்குத் தங்கள் எடை கால் பவுண்டு சுத்தமாகத் தெரியும். அந்தக் கணக்கில் வாரத்துக்கு ஐந்து பவுண்டு, ஆறு பவுண்டு என்று இறக்கம் தெரிந்தால், அவர் கரைப்பது கொழுப்பை அல்ல, நீரை. எச்சிலைத் துப்புவது அதன் கடைசிக் கட்டம். சிறுநீர் தேநீர் நிறத்துக்குப் போவது, ஓடியும் வியர்க்காதது, வாந்தி, தடுமாற்றம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள்.

அணிக்கு ‘அத்லெட்டிக் டிரெய்னர்’ என்று உடல்நலப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். மகன் பதினெட்டு வயதைத் தாண்டியவர் என்பதால், தனியுரிமைச் சட்டப்படி அவருடைய மருத்துவ விவரங்களைத் தங்களிடம் அந்தப் பொறுப்பாளர் சொல்ல மாட்டார். ஆனால் தாங்கள் வீட்டில் கண்டதை அவரிடம் சொல்வதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. மகன் கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும்.

தங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் 50 கிலோ பிரிவின் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு முழுவதும் ஓடியும் வியர்த்தும் முடியை வெட்டியும்கூட, காலையில் 100 கிராம் கூடுதலாக நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். அன்று அவர் நீரிழப்புக்குச் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. மருத்துவரும் பயிற்றுநரும் அருகிலேயே இருந்த, உலகத் தரத்தில் தேர்ந்த ஒரு வீராங்கனைக்கே அந்தப் பாடு என்றால், நியூ ஜெர்சியின் நவம்பர் இரவில் தனியாக ஓடும் பதினெட்டு வயதுப் பையனுக்கு “ஆம்பளைப் பையன்” என்ற சொல் எந்தப் பாதுகாப்பையும் தராது.

மல்யுத்தக்காரர்களின் காது ஏன் அப்படிச் சுருங்கிக் கிடக்கிறது? அதைப் பெருமையாக நினைக்கிறார்களாமே?
— வாசகி, சேலம்

விரிப்பிலும் எதிராளியின் தலையிலும் உராய்ந்து உராய்ந்து, காதுக் குருத்தெலும்புக்கும் அதை மூடிய சவ்வுக்கும் இடையே இரத்தம் கட்டுகிறது. சில நாள்களுக்குள் மருத்துவர் அதை வடித்து இறுகக் கட்டிவிட்டால் காது பழைய வடிவத்துக்கே வந்துவிடும். விட்டுவிட்டால் இறுகி முடிச்சாகி நின்றுவிடும். பெருமையாக நினைப்பவர்கள் இருப்பது உண்மை. காதுக்கவசம் போட்டால் தவிர்த்துவிடலாம் என்று தெரிந்தும் பயிற்சியில் அதைக் கழற்றி வைக்கும் பையன்கள் உண்டு. உழைப்பின் அடையாளத்தை உடம்பில் சுமக்க விரும்பும் வயது அது. அந்த விருப்பம் எனக்குப் புரிகிறது. ஆனால் காது கேட்பதற்கு உரியது, கவசம் விலை குறைந்தது.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். கடுமையான பயிற்சிதான் பையனை ஆளாக்கும் என்பது என் அனுபவம். தங்கள் கட்டுரை கடுமையையே குறை சொல்வதுபோல் இருந்தது. அமெரிக்க மல்யுத்த வீரர் டேன் கேபிள் போன்றவர்கள் வேறு எப்படி உருவாக முடியும்?
— திருநெல்வேலி

ஐயா, கடுமையான பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. தாங்கள் கேபிளின் பெயரைச் சொன்னது நல்லதாயிற்று. அவர் வாழ்க்கையிலிருந்தே என் எண்ணத்தைச் சொல்ல முயல்கிறேன்.

கேபிள் 1948-இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் பிறந்தவர். பதினைந்து வயதில், 1964-இல், அவருடைய அக்கா சொந்த வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார். பெற்றோர் அந்த வீட்டை விட்டுப் போய்விட நினைத்தபோது, போகக் கூடாது என்று நின்றவர் அந்தப் பையன்தான். அக்காவின் அறைக்கே தன் படுக்கையை மாற்றிக்கொண்டார். அதன் பிறகு அவர் பயிற்சி செய்த விதம் அமெரிக்க மல்யுத்தத்தில் இன்றும் பேசப்படுகிறது. பள்ளியிலும் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலுமாகச் சேர்த்து 181 ஆட்டங்களில் தோல்வியே காணாமல், 1970 மார்ச்சில் தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்துக்கு வந்தார். எதிரே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸ். கேபிளை எதிர்ப்பதற்கென்றே எடையைக் குறைத்து அந்த 142 பவுண்டுப் பிரிவுக்கு இறங்கி வந்தவர் அவர். 13-11 என்ற கணக்கில் ஓவிங்ஸ் வென்றார். பரிசு மேடையில் கேபிள் தலைகுனிந்து அழுதார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது.

1972-இல் மியூனிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் அவர் ஒலிம்பிக் தங்கம் வென்றதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அவரை ஆளாக்கியது அந்தத் தங்கமா, 1970-இன் அந்த மேடையா என்று கேட்டால், மேடை என்பேன். தன்னை வெல்ல யாருமில்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த இருபத்தொரு வயது இளைஞர், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் தோற்றார், அழுதார், மேடையை விட்டு ஓடிப்போகாமல் நின்றார். தோற்றவன் அழலாம் என்பதை அந்த அரங்கம் கைதட்டலால் ஏற்றுக்கொண்டது. இது கடுமையான பயிற்சியால் மட்டும் வருவதில்லை. சுற்றியிருப்பவர்கள் அதற்கு இடம் கொடுத்தால்தான் வரும்.

பின்னாளில் அயோவா பல்கலைக்கழகத்தின் பயிற்றுநராக 1997 வரை இருந்த கேபிள், 15 தேசியப் பட்டங்களை அணிக்குப் பெற்றுத் தந்தார். அவற்றில் 1978 முதல் 1986 வரை ஒன்பது பட்டங்கள் தொடர்ச்சியாக வந்தவை. எதிராளியைத் தொடர்ந்து நெருக்கிக் களைக்க வைப்பது அந்த அணியின் வழியாக அறியப்பட்டது. இன்று ஆதிக்கம் செலுத்தும் பென் ஸ்டேட் அணியின் பயிற்றுநர் கேல் சாண்டர்சன், கல்லூரியில் 159 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காதவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றவர். 2011 முதல் 2025 வரை அவருடைய அணி 12 தேசியப் பட்டங்களை வென்றிருக்கிறது. அந்த அணியின் பையன்கள் ஆட்டத்தை அனுபவித்து ஆடுவது பற்றியும் நன்றியுணர்வு பற்றியும் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். அவர்களுடைய உழைப்பும் எவருக்கும் குறைந்ததல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடும் ஆண்மையும் சிரித்துக்கொண்டு ஆடும் ஆண்மையும் ஒரே விளையாட்டில் உச்சத்துக்குப் போயிருக்கின்றன என்றால், கடுகடுத்த முகம் தேவை என்று நாம் பிள்ளைகளிடம் வற்புறுத்துவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓர் எடைப் பிரிவில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், இடம் ஒன்றுதான். யார் களமிறங்குவது என்பதைத் தங்களுக்குள்ளேயே மோதி முடிவு செய்கிறார்கள். அப்படித் தன் இடத்தைப் பறிக்கக்கூடியவன்தான் அன்றாடப் பயிற்சித் துணையும். அவன் கழுத்தைப் பிடித்து, நெற்றியோடு நெற்றி முட்டி, அவன் வியர்வை தன் கண்ணில் விழ மணிக்கணக்கில் பிடித்து உருண்டுவிட்டு, பிறகு அவன் விரலுக்குத் தானே டேப் சுற்றிவிடுகிறான். அப்பா தோளில் கை போட்டே பல ஆண்டுகள் ஆகியிருக்கும் வயதில், ஒரு பையனுக்கு இன்னொரு மனித உடலின் பாரமும் நம்பிக்கையும் அன்றாடம் கிடைக்கும் இடம் அந்த அறை. அடிபட்டவனைத் தூக்கிவிடுவதும் அங்கேதான் பழக்கமாகிறது. பயிற்சியின் கடுமையைப் பேசும்போது இந்த மென்மையையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதுதான் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

ஒற்றைக் காலோடு ஒருவர் தேசியப் பட்டம் வென்றதாக என் நண்பர் சொல்கிறார். நம்பலாமா?
— புதுக்கோட்டை

நம்பலாம். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆண்டனி ரோபிள்ஸ் பிறவியிலேயே வலது காலில்லாதவர். 2011-இல் பிலடெல்பியாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், முந்தைய ஆண்டின் வாகையரான அயோவா வீரரை 7-1 என்று வென்று 125 பவுண்டுப் பட்டத்தைப் பெற்றார். அந்தப் பருவத்தில் அவர் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. காலுக்குப் போக வேண்டிய எடையும் தோளிலும் கையிலும் இருந்ததால் அவருடைய பிடி அந்தப் பிரிவில் யாருக்கும் இல்லாத அளவுக்கு வலுவாக இருந்தது. தரையோடு தாழ்ந்து நின்றதால் அவரைச் சாய்ப்பதும் அரிது.

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக மருத்துவர் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி வந்தது. அத்தனை பலமுள்ள இளைஞர்கள் ஒரு மருத்துவரின் தகாத செயலை எப்படித் தடுக்காமல் இருந்தார்கள்? எனக்கு இது விளங்கவே இல்லை.
— வாசகர், சென்னை

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களும் தங்களையே இதைக் கேட்டுக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். அதனால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1978 முதல் 1998 வரை அந்தப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். மல்யுத்தம் உட்படப் பல அணிகளின் மருத்துவர். 2018-இல் முன்னாள் மல்யுத்த வீரர்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய பிறகு பல்கலைக்கழகம் ஒரு சட்ட நிறுவனத்தைக் கொண்டு விசாரணை நடத்தியது. 2019 மே மாதம் வெளியான அறிக்கை, குறைந்தது 177 ஆண் மாணவர்கள் அவரால் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானார்கள் என்று முடிவு கூறியது. மருத்துவப் பரிசோதனை என்ற பெயரிலேயே பெரும்பாலும் அது நடந்திருக்கிறது. 1979-லேயே பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு இது தெரிந்திருந்தது என்றும், 1996 வரை உருப்படியான நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. ஸ்ட்ராஸ் 2005-இல் இறந்துவிட்டதால் எந்த நீதிமன்றத்திலும் அவர் நிற்கவில்லை.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். கையை முறுக்கும் எதிராளியை எப்படி விலக்குவது என்று அந்தப் பையன்களுக்குக் கற்றுத்தந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர், பயிற்றுநரும் பல்கலைக்கழகமும் நியமித்த ஒருவர், பரிசோதனை என்று சொல்லித் தொடும்போது என்ன செய்வது என்று யாரும் கற்றுத்தரவில்லை. விளையாடத் தகுதியுண்டு என்று கையெழுத்துப் போடுபவர் அவர்தான். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் களம் இல்லை. களம் இல்லையென்றால் பலருக்குப் படிப்புக்கான உதவித்தொகையும் போய்விடும். பதினெட்டு, பத்தொன்பது வயதில், சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்த பையன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டான்.

அதைவிடவும் ஆழமான காரணம் அந்த அறையின் ஆண்மைப் பாடம். வலியைச் சொல்லாதே, தாங்கிக்கொள் என்பதுதான் தினமும் கிடைக்கும் பாடம். உடம்பில் பட்டதைச் சொல்வது பலவீனம் என்று பழகிய பிள்ளை, இதையும் உடம்பில் பட்ட இன்னொன்றாகவே எடுத்துக்கொள்கிறான். சொன்னால் நண்பர்கள் தன் ஆண்மையையே சந்தேகிப்பார்கள் என்ற அச்சம் வேறு. ஆகவே உடைமாற்றும் அறையில் அந்த மருத்துவரைப் பற்றி நக்கல் பேச்சாகவே அது உலவியது. பலருக்கும் தெரியும், பலரும் சிரிக்கிறார்கள். சிரித்தவர்களில் பலர் நாற்பது, ஐம்பது வயதில், பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் தங்களுக்கு நடந்ததை அதன் பெயரிட்டுச் சொல்ல முடிந்தது.

அவர்களுடைய பலத்தில் எந்தக் குறையும் இல்லை. பேசினால் கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் தசை பலத்துக்கு வேலையில்லை. நம் நாட்டிலேயே 2023-இல் சாக்ஷி மலிக், வினேஷ் போகட் போன்ற ஒலிம்பிக் தரத்து வீராங்கனைகள், மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறி, டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் அமர வேண்டியிருந்தது. பதக்கம் பெற்றவர்களுக்கே செவி கிடைக்க அத்தனை பாடு என்றால், ஒஹாயோவின் முதலாண்டு மாணவன் எங்கே போயிருப்பான்?

தங்கள் வீட்டில் விளையாடும் பிள்ளை இருந்தால், ஆணானாலும் பெண்ணானாலும், ஒன்றைச் சொல்லிவையுங்கள்: எந்தப் பரிசோதனைக்கும் இன்னொருவர் உடனிருக்கலாம், எதற்காகத் தொடுகிறீர்கள் என்று கேட்கலாம், பிடிக்கவில்லையென்றால் எழுந்து வந்துவிடலாம், உதவித்தொகை போனால் போகட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இந்தக் கடைசி வாக்கியத்தைப் பெற்றோரின் வாயிலிருந்தே பிள்ளை கேட்டிருக்க வேண்டும்.

பெண்களும் இப்போது கல்லூரி மல்யுத்தத்தில் இருக்கிறார்களே. அப்படியிருக்க இதை ஆண்மையின் பள்ளி என்று எப்படிச் சொல்ல முடியும்?
— முதுகலை மாணவி, தஞ்சாவூர்

நல்ல கேள்வி. பெண்கள் மல்யுத்தம் 2004-இலேயே ஒலிம்பிக்குக்கு வந்துவிட்டது. அமெரிக்கக் கல்லூரி உலகம் மெதுவாகத்தான் வந்தது. மல்யுத்தமே மூச்சாக இருக்கும் அயோவா பல்கலைக்கழகம் 2021-இல் பெண்கள் அணியை அறிவித்தது. 2025 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. அதைத் தேசிய வாகைப் போட்டிக்குரிய விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. அதே அயோவா மாநிலத்தில் 2011-இல், பள்ளிகளுக்கான மாநிலப் போட்டியில், எதிரே நிற்பது பெண் என்பதால் தன் சமய நம்பிக்கையைக் காரணம் காட்டி ஒரு மாணவர் ஆடாமல் விலகினார். பெண்ணுக்கு வெற்றி எழுதப்பட்டது. அந்தப் பையன் மனச்சாட்சிப்படி நடந்தார், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பயிற்சி செய்து தகுதி பெற்று வந்த அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது ஆட்டம்.

வலியைத் தாங்குவதும், எடையைக் கட்டுக்குள் வைப்பதும், தோற்றபின் கைகுலுக்குவதும் ஆணுக்கு மட்டும் உரியவை என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம். அதே அறையில் ஒரு பெண் அவ்வளவையும் செய்வதைப் பார்க்கும் பையனுக்கு, அவை நல்ல வீரரின் குணங்கள் என்பது விளங்கிவிடும். அதன் பிறகு, தான் எப்படிப்பட்ட ஆணாக இருக்க வேண்டும் என்பதை அவன் வேறு இடத்தில், தன் நடத்தையில்தான் தேட வேண்டியிருக்கும். பையன்களுக்கு இது பெரிய நன்மை என்றே நினைக்கிறேன்.

மகனின் கடைசிக் கல்லூரிப் பருவம் மார்ச்சில் முடிந்தது. தேசியப் போட்டிக்குத் தகுதி பெறும் ஆட்டத்தில் தோற்றுவிட்டான். காலணிகளைக் கழற்றி விரிப்பின் நடுவிலேயே விட்டுவிட்டு வந்தான். பட்டம் வாங்கிவிட்டான், வேலை தேடவில்லை, நண்பர்களிடமும் பேசுவதில்லை, பகலெல்லாம் அறையில் கிடக்கிறான். “போனால் போகிறது, விளையாட்டுதானே” என்றேன். அதிலிருந்து என்னிடமும் பேச்சில்லை.
— ஒரு தந்தை, டல்லாஸ்

விளையாட்டுதானே என்று தாங்கள் சொன்னது ஆறுதலுக்காகத்தான் என்று தெரிகிறது. ஆனால் விரிப்பில் காலணியை விட்டு வருவது, இனி நான் மல்யுத்தம் செய்ய மாட்டேன் என்று அந்த விளையாட்டில் அறிவிக்கும் முறை. பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து தான் யாராக இருந்தானோ அவனை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறார். மற்ற விளையாட்டுகளில் கல்லூரிக்குப் பிறகு ஏதாவது ஒரு தொழில்முறை அணி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று இருக்கும். கல்லூரி மல்யுத்தத்துக்கு அப்படி அடுத்த படி பெரும்பாலும் இல்லை. ஒலிம்பிக் கனவோடு தொடரும் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு இருபத்திரண்டு வயதில் கதவு மூடிவிடுகிறது. விடியற்காலைப் பயிற்சி, எடை இயந்திரம், கூடவே உருண்ட நண்பர்கள், உடம்புக்கு இருந்த ஒரு பயன் எல்லாம் ஒரே வாரத்தில் போய்விடுகின்றன.

தோல்வியோடு முடிந்தது அவருக்கு உறுத்தும். தேசியப் போட்டிக்கு ஓர் எடைப் பிரிவில் 33 பேர் தகுதி பெறுகிறார்கள். அவர்களில் முதல், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் இடம் பெறும் நால்வர் மட்டுமே கடைசி ஆட்டத்தை வென்று வீடு திரும்புகிறார்கள். நாட்டின் தலைசிறந்தவர்களிலேயே மற்ற 29 பேரும் தோற்றுத்தான் முடிக்கிறார்கள். இதை ஆறுதலாகச் சொல்ல வேண்டாம், அவருக்கே தெரியும். அந்தக் கடைசி ஆட்டத்தில் என்ன நடந்தது என்று ஒரு நாள் அவரிடம் கேளுங்கள். இரண்டாவது சுற்றைத் தொடங்க, எதிராளிக்குக் கீழே இருக்கும் நிலையை ஏன் தேர்ந்தெடுத்தார், கடைசி முப்பது நொடியில் எந்தப் பிடி நழுவியது என்று கேளுங்கள். அறிவுரை சொல்லாமல் முடியும்வரை கேட்டுக்கொண்டிருங்கள். தாங்கள் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளின் மல்யுத்த அணிகள் பயிற்சியில் உதவ முன்னாள் கல்லூரி வீரர்களைத் தேடுவதுண்டு. பருவம் நவம்பரில் தொடங்கும். அவரே அந்தப் பயிற்றுநரை அழைக்கட்டும். எண்ணைத் தேடிக் கொடுப்பது மட்டும் தங்கள் வேலையாக இருக்கட்டும். உணவைக் கவனியுங்கள். எடைக் கட்டுப்பாடு திடீரென்று நீங்கும்போது சிலர் அளவில்லாமல் உண்பார்கள், சிலருக்கு உண்ணவே அச்சமாக இருக்கும். இரண்டும் உதவி பெற வேண்டிய நிலைகள்.

இவ்வளவுக்குப் பிறகும் அறைக்குள்ளேயே கிடந்தால், அல்லது வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல் ஒரு சொல் வந்தால், பொறுத்துப் பார்க்க வேண்டாம். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், தாங்களே அழைத்து ஆலோசனை கேட்கவும் செய்யலாம். கல்லூரியின் ஆலோசனை மையம் பட்டம் வாங்கியவர்களுக்குத் திறந்திருக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். பிள்ளைகளையும் சேர்க்கக்கூடிய மருத்துவக் காப்பீடு தங்களுக்கு இருந்தால், 26 வயது வரை மகன் அதில் இருக்க முடியும். அவர் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா என்று நாளைக்கே பார்த்து, மனநல மருத்துவரிடம் நேரம் கேளுங்கள். முதல் முறை தாங்களும் உடன் சென்று வெளியே அமர்ந்திருங்கள்.